குறக்குடியின் விருந்து

திரிகூடராசப்பக் கவிராயர் தென்காசிக்கும் குற்றாலத்திற்கும் இடைப்பட்ட மேலகரத்தில் தோன்றியவர். அவர் இயற்றிய திருக்குற்றாலக் குறவஞ்சியைச் சந்தவின்பத்திற்காகவும் மலைவருணனைக்காகவும் பாராட்டாதார் இலர். வானரங்கள் வரும் பாட்டை மனப்பாடமாக உடையோர் தமிழ்நாடெங்கும் உளர். ஆயின் அந்நூலுள் விருந்தோம்பலைப் பற்றியதோர் அரிய குறிப்பு உளதென்பதும், அளந்த வருவாயுடைய இல்வாழ்வார்க்கு அது பெரிதும் பயன்படுவதென்பதும் நோக்கப்படுவதில்லை. பாட்டின் ஓட்டம் படிப்போரை இழுத்துச் சென்றுவிடுகின்றது போலும்.

ஆனி ஆடித் திங்கள்களில் குற்றாலத்திற் சாரல் வீசத் தொடங்கிய அளவிலே, தென்காசி, மேலகரம், இலஞ்சி, செங்கோட்டை முதலிய ஊர்களிலுள்ள இல்லங்கட்குச் சுற்றத்தாரும் நண்பரும், அந்நண்பர்க்கு நண்பரும் வந்து சேர்தல் நெடுநாள் வழக்கம். அருவியாடி வந்தார் பசி எத்தகையதென்பதை அவ்வூர் மனைவிளக்குகள் நன்கறிவர். ஒரு குடும்பம் விடைபெற்ற மறுநாளே மற்றொன்று வாயிலில் நிற்கும். இந்நிலையில் எளிய இல்லத்தலைவன் இரண்டு வழிகளுள் ஒன்றிற் செல்லக் காணப்படுகின்றான். கடன்பட்டேனும் பலவகைக் கறியும் பண்ணிகாரமும் சமைப்பித்துத் தன் மதிப்பைக் காத்துக்கொள்வது ஒன்று. சாரல் ஓயுமட்டும் வேற்றூர் சென்றிருத்தல், அன்றி வந்தாரைத் தங்கும் விடுதிக்கு வழிகாட்டி விடுதல் மற்றொன்று.

முன்னவன் இளையான்குடிமாற நாயனாரைச் சான்று காட்டுவான். பின்னவன் திருக்குறளின் 48ஆம் அதிகாரமாகிய வலியறிதலைக் காட்டுவான். தனக்குள்ள பொருளின் அளவை ஆராயாது செய்யும் ஒப்புரவினாற் செல்வம் விரைந்து கெடும் என்பது அதன்கண் 480ஆம் குறளின் கருத்து. அவ்வதிகாரம் அரசியலுள் வைக்கப்பட்டதாகலின் இல்வாழ்வானுக்கு ஆகாது என்று அதனைத் தள்ளிவிடுதல் எளிது, ஆயின் பொருந்தாது. அரசன் பண்டாரமும் குடிமகன் அடுக்களைப் பானையும் ஒருவாறே வற்றுவன. இருவரும் நூலையே சான்றாகக் கொள்ளுதலின், அந்நூல்கள் உண்மையிற் கூறுவது யாதென்று காண்டல் வேண்டும். அதற்குக் குறவஞ்சி துணைசெய்கின்றது.

வசந்தவல்லி குறத்தியை நோக்கி அவள் மலையையும் நாட்டையும் குலத்தையும் பற்றி வினவுகின்றாள். தன் குலத்தின் இயல்பைக் கூறுமிடத்துக் குறத்தி சில செயல்களை வரிசையாகச் சொல்கின்றாள். கொடியின்கீழ் இறங்கிய வள்ளிக்கிழங்கை அகழ்ந்தெடுத்தலும், குறிஞ்சிமலரைத் தெரிந்து தொடுத்தலும், பழச்சாறும் தேறலும் பருகுதலும், தழையும் மரவுரியும் உடுத்தலும் முன்னே வருகின்றன. அவற்றின்பின் செழுந்தினையையும் நறுந்தேனையும் விருந்தினர் அருந்தக் கொடுத்தலைக் கூறுகின்றாள். அதன்பின் புலித்தோலைப் பாயாகக் கொண்டு படுத்துறங்குதலையும் சொல்கின்றாள்.

இவ்வரிசையை மலைவாழ்நர் வாழ்க்கைக் காட்சி என்ற அளவில் வைத்து மேற்செல்வாரே பெரும்பாலார். உற்று நோக்கின், தமக்கென்று கூறிய உணவும் விருந்தினர்க்கென்று கூறிய உணவும் வேறுவேறாதல் விளங்கும். கிழங்கு தமக்கு, தினையும் தேனும் வந்தவர்க்கு. இவ்வேறுபாடு எதுகைமோனை நோக்கி நேர்ந்ததென்று கொள்ளின், புலவரைச் சொற்கோப்பாளர் என்ற அளவிற்குத் தாழ்த்துவதாகும். ஈண்டுக் கூறிய வள்ளிக்கிழங்கு சந்தையில் விற்கும் சீனிவள்ளிக்கிழங்கும் அன்று. சீனிவள்ளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து பிற்காலத்தே நம் நாட்டிற்கு வந்தது. இது மலைச்சரிவிற் கொடியாகப் படர்ந்து மண்ணுள் ஆழ இறங்கும் காட்டுவள்ளி. மேற்குமலைப் பளியர் வழிவழியாக அகழ்ந்துண்டு வந்தது. காட்டில் தானே விளைவது. விதைப்பாரும் காப்பாரும் அதற்கு வேண்டா. தினையோ அத்தன்மையதன்று. காடு திருத்தி விதைத்து, பரண் அமைத்துக் கிளி கடிந்து, கொய்து இடித்துக் கொள்ள வேண்டுவது. தேன், பாறைமுகட்டில் உயிரைப் பணயம் வைத்து எடுப்பது. ஆகவே குறவர் விருந்தினர்க்கு இடுவது காசு கொடாமற் பெற்றதாயினும், தம் உழைப்பில் மிகுதியான பங்கைக் கொண்டது. எளிதிற் கிடைப்பதைத் தாம் உண்டு, அரிதிற் பெற்றதை அயலார்க்கு வைக்கின்றனர்.

தேறல் என்னும் சொல்லைக் கண்டு மனம் வருந்தும் சைவர் சிலர், அதனைத் தேனின் தெளிவு என்று கொண்டு புலவரைக் காக்க முயல்வர். அது வேண்டாத் தொல்லை. குறவர் ஒழுக்கத்தைப் புலவர் உள்ளவாறு கூறினார் என்றலே அமையும். விருந்தினர்க்குக் கொடுப்பனவற்றுள் தேறல் இல்லாமையே போதும்.

இனி, மலைவளம் கூறும் பகுதியில் இதே குறத்தி, அருவி முத்துக்களைக் கழங்குபோல் வீசுவதையும், யானையின் கொம்பை ஒடித்து அதனால் தினை இடிப்பதையும் சொல்லியுள்ளாள். இளம்பெண்ணை இலஞ்சி முருகனுக்குக் கொடுத்து மலைகளையும் சீதனமாக ஈந்த குடி தன் குடி என்று பெருமிதமும் கொள்கின்றாள். யானைக்கொம்பு உலக்கையாகும் வீட்டில் விருந்து தினைமாவே. வணிகன் கண்ணுக்குக் கொம்பு பெரும்பொருள். குறத்திக்கு இடிக்க உதவுவது. அவள் பொருளின் மதிப்பைச் சந்தையிலிருந்து கடன் வாங்கவில்லை. இன்று தென்காசியிற் கடன்படும் இல்லத்தலைவனோ, பணத்தைக் கடன் வாங்குமுன்னரே மதிப்பைக் கடன் வாங்கிவிடுகின்றான். மற்றொருவர் வீட்டு இலையில் எத்தனை கறி இருந்தன என்பது அவன் இலைக்கு அளவாகின்றது.

இதற்கு ஒரு தடை எழும். கவிராயர் குறவர் அல்லர்; 1706 முதல் 1732 வரை ஆண்ட மதுரை விசயரங்க சொக்கநாத நாயக்கரிடம் இந்நூலுக்காக நிலம் பெற்றவர். குறவஞ்சிமேடு என்று அந்நிலம் பெயர் பெற்றது. வயலுடையார் ஒருவர் மலையின் வறுமையைக் கீழிருந்து பார்த்து அழகுபடுத்தினார் என்னும் கூற்றை முற்றும் மறுத்தல் இயலாது. மழைநாளில் மரவுரி எத்துணைக் குளிரைத் தடுக்கும் என்று அவர் வினவியிரார். ஆயினும் இவ்விருந்து அவர் கற்பனையிற் பிறந்ததன்று. அதற்கு மூலம் சைவர் போற்றும் புராணத்தில் உளது. கந்தபுராணத்து வள்ளியம்மை திருமணப் படலத்தில் முருகன் தளர்ந்த முதியோனாய்த் தினைப்புனத்திற்கு வந்து பசி என்று இரக்க, வள்ளி தேனும் தினைமாவும் கொடுக்கின்றாள். வந்தவன் யாவன் என்று அவள் அறியாள். புனத்தில் இருந்ததனைக் கொடுத்தாள். அதன்பொருட்டு ஊருக்குச் சென்று வேறொன்று கொணர எண்ணினாள் அல்லள். அதே தேனும் அதே தினையும் குற்றாலக் குறத்தியின் வாயிற் குலவழக்கமாய் நிற்கின்றன. இலஞ்சி முருகனுக்குப் பெண் கொடுத்த பெருமையை அவள் பேசுதலின் இத்தொடர்பு புலவர் கருதியதே என்று துணியலாம். முதல் விருந்தினன் இறைவனாக இருந்த குடி அதன்பின் எவ்விருந்தினனையும் அவ்வுணவாலேயே ஓம்புகின்றது. அடியார் திருவேடத்தை அரனெனத் தொழுக என்னும் சிவஞானபோதப் பன்னிரண்டாம் சூத்திரக் கருத்து, இக்குறத்திக்கு அடுக்களைப் பழக்கமாக இருக்கின்றது.

இளையான்குடிமாறர் வரலாற்றிற்கு வருவோர் இங்கே சற்று நின்று நூலை ஊன்றிப் படித்தல் வேண்டும். செல்வம் சுருங்கிய காலத்தும் நாயனார் மனஞ் சுருங்காது உள்ள பொருள்களை விற்றார். தம்மையே விற்றுத் தீர்க்கவேண்டிய அளவிற்குக் கடனும் கொண்டார். சேக்கிழார் இதனை மறைக்கவில்லை. கடன்படுவோர் மேற்கோள் இவ்விடத்தோடு நின்றுவிடுகின்றது. ஆயின் வரலாறு நிற்கவில்லை. மழை பொழியும் இரவில் இறைவன் அடியாராய் வந்தபோது, வீட்டில் ஒன்றும் இல்லை என்பதையும், இனிக் கொடுப்பார் அயலாருள் ஒருவரும் இலர் என்பதையும், பொழுதும் போயிற்று என்பதையும் மனைவியார் கூறுகின்றார். அதாவது, கடன் என்னும் வாயிலை அம்மையார் வாக்கினாலேயே அடைத்துவிட்டுப் பின்னர்த்தான் சேக்கிழார் திருத்தொண்டின் உச்சத்தைக் காட்டுகின்றார்.

அதன்மேல் நிகழ்வன யாவும் அவ்வீட்டிற்கு உரிய பொருள்களால் நிகழ்வன. அன்று பகலில் வயலில் விதைத்த முளைநெல்லை வாரிக்கொணரலாம் என்ற உபாயமும் மனைவியார் சொன்னதே. விறகிற்கு வீட்டின் கூரைவரிச்சு. கறிக்குக் குழியில் வளரும் சிறுகீரை. நெல்லை வறுத்துக் குற்றி அரிசியாக்கியதும், ஒரே கீரையை வெவ்வேறு கறியமுதாகச் சமைத்ததும் அவ்வம்மையார் கைத்திறம். கடன்பட்ட நாட்களின் விருந்தில் இலையில் இருந்தது யாதென்று சேக்கிழார் விரித்துரைத்தார் அல்லர். இவ்விரவின் கீரையையோ வேரொடு பறித்தது முதற் கூறுகின்றார். காவியப்புலவர் ஒன்றைச் சுருக்குவதும் பிறிதொன்றைப் பெருக்குவதும் அவர் தம் தீர்ப்பை உணர்த்தும் வழிகள். ஆகவே, மாறனாரைக் காட்டிக் கடன்படுவோர் அவர் வரலாற்றின் முற்பாதியைக் கற்றுப் பிற்பாதியை விடுத்தவராவர். நாயனார் கொண்ட கடனும் தம் மதிப்பிற்காகக் கொண்டதன்று. அவ்விருந்தைக் காண ஊரார் ஒருவரும் அங்கிலர். நள்ளிரவில், ஈரக்கூரையின்கீழ், உறங்கும் ஒரு விருந்தினர்பொருட்டு நிகழ்ந்தது அது.

மற்றொன்றும் கருதற்பாலது. குறத்தி தன் குடியின் செயல்களை எல்லாம் பன்மையிற் கூறுகின்றாள். அகழ்வோரும் கொடுப்போரும் அனைவருமே. மாறனார் மனையிலும் அவர் வயலுக்குச் சென்று நனைந்தார். அம்மையார் அடுப்பருகே நின்றார். சாரற்காலத்து வீடுகளிலோ விருந்தின் புகழ் திண்ணையில் அமர்ந்தவனுக்கும், அதன் சுமை புகையில் நிற்பவளுக்கும் ஆகின்றது. சிக்கனம் பற்றிப் பேசுவோர் காசை மட்டும் எண்ணி, இவ்வுழைப்பை எண்ணாது விடுதல் பெருங்குறை.

இனிக் குறளை நோக்கின் அது பின்னவனுக்கும் துணையாகாமை பெறப்படும். 480ஆம் குறள் உள்ளதன் அளவை ஆராய்க என்றதே அன்றி, ஒப்புரவை ஒழிக என்றதன்று. ஆராய்ந்தபின் மிஞ்சுவது கீரையாயின் கீரை, தினையாயின் தினை. விருந்தோம்பல் அதிகாரத்து 85ஆம் குறளோ, விருந்தினரை ஊட்டி எஞ்சியதை உண்பான் நிலத்திற்கு விதையிடவும் வேண்டுமோ என்று வினவுகின்றது. விதைத்த நெல்லையே வாரிய மாறனார்க்கு இதனினும் பொருந்திய குறள் வேறில்லை என்பது கற்றோர் பலர் கண்டதே. அக்குறளில் உண்ணும் முறையும் உளது: விருந்தினர் முன், தான் பின், தனக்கு எஞ்சியது. கிழங்கு தமக்காகவும் தினை விருந்தினர்க்காகவும் வைக்கும் குறக்குடியின் வரிசையும் இதுவே.

தென்காசியிலிருந்து ஆண்ட அதிவீரராம பாண்டியர் இயற்றியதாக வழங்கும் வெற்றிவேற்கையில், வானளாவிய பனை ஒருவர்க்கும் தங்க நிழலாகாமையும், மிகச் சிறிய ஆலம்விதை மன்னன் சேனைக்கு நிழலாதலும் கூறப்பட்டுள்ளன. இதனைப் பெருமை சிறுமை பற்றிய பொதுநீதியாகவே பள்ளிகளிற் கற்பிப்பர். இரண்டு மரங்களும் அளக்கப்பட்டது வந்து தங்குவாரை வைத்தே என்பதனையும் சேர்த்துக் கற்பித்தல் நலம். ஆயின் சேனைக்கு நிழல் என்பது அரசர் எண்ணம். எளியவன் வீட்டிற்கு அது சற்றே பெரிய உவமை.

இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் (1882-1954) தம் வாழ்வின் பிற்பகுதியைக் குற்றாலத்திற் கழித்தார். இராசாசி, கல்கி முதலியோர் அவர் இல்லத்து விருந்தினராயினர்; உணவோடு கவிதையும் அங்கே பரிமாறப்பட்டது. சைவப்புலவர் பலர்க்கு அவர்தம் பாடத்திருத்தங்களில் உடன்பாடில்லை. அது வேறு வழக்கு. விருந்தினர்க்கு இடத்தக்கது உணவு மட்டுமன்று என்பதற்கு அவ்வில்லம் சான்றாயிற்று.

குறவஞ்சியில் விருந்தூட்டுவாள் ஒருத்தி மட்டும் இல்லை. அவளே விருந்தாளியாகவும் வருகின்றாள். குறி சொல்லத் தொடங்குமுன் வசந்தவல்லியிடம் குறத்தி தன் ஆற்றலைப் பலபடப் புகழ்ந்து, மன்னரும் மெச்சும் குறவஞ்சி தான் என்கின்றாள். அம்மாளிகையில் எதனைக் கேட்டாலும் வந்திருக்கும். பல நாடுகளிற் குறி சொல்லி அணிகலன் பெற்றவள் என்பது பின்னர்ச் சிங்கன் வினாக்களால் தெரிதலின், கேட்க அறியாதவளும் அல்லள். அவை தொழிலுக்குக் கூலி. பசிக்கு அவள் கேட்டது வயிற்றளவு கஞ்சி. அதுவும் இல்லையேல் கூழ் ஆயினும் கொண்டுவருக என்கின்றாள். பின்னர் மெல்ல வெற்றிலையும் பாக்கும், கப்பலில் வந்த சீனச்சரக்கில் ஒரு கிள்ளும். கொடுக்குங்கால் தினையும் தேனும் கொடுத்த குடியிற் பிறந்தவள், செல்வர் வீட்டு முற்றத்தில் நின்று, பெரிய குடுக்கை நிறையக் கூழ் குடிப்பேன் என்று மகிழ்ந்து சொல்கின்றாள்.