மூன்று எண்களும் 15 விழுக்காடும்

வளர்ச்சி உதவியில் மாற்றுத்திறனாளிகளுக்கு என்ன இடம் என்பதை அளக்க, பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 2018இல் ஒரு மதிப்பெண் முறையைக் கொண்டுவந்தது. அவர்களை உள்ளடக்குவதே திட்டத்தின் தலையாய நோக்கமானால் 2. பல நோக்கங்களுள் அதுவும் ஒன்றானால் 1. ஆராய்ந்த பின்னும் அந்நோக்கம் தென்படாவிட்டால் 0. ஆராயாத திட்டத்துக்கு மதிப்பெண்ணே இல்லை. பூஜ்யத்தையும் வெற்றிடத்தையும் இப்படிப் பிரித்து வைத்ததுதான் இம்முறையின் ஆகச் சிறந்த கூறு. புறக்கணித்தவரையும் பார்க்கவே மறுத்தவரையும் அது தனித்தனியே காட்டுகிறது.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 2006இன் ஐ.நா. உடன்படிக்கை, வளர்ச்சி உதவி அவர்களை உள்ளடக்குவதைத் தன் 32ஆம் பிரிவில் கடமையாக்கியும், கொடையாளர் கணக்கில் அக்கடமைக்கு நெடுங்காலம் ஒரு பத்தி கிடையாது. அந்தப் பத்தி திறந்ததே சாதனை. ஆனால் அதை நிரப்புவது இன்றும் விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கிறது.

அதைவிடப் பெரிய குறை, மதிப்பெண் இடப்படும் தருணம். அளக்கப்படுவது வரைவில் உள்ள நோக்கம், களத்தில் கண்ட பயன் அன்று. 1 பெறும் சாலைத் திட்டத்தில் சாய்தளத்துக்கான செலவு சிறிதாயினும், திட்டத்தின் முழுத்தொகையும் அந்த மதிப்பெண்ணின் கீழ் வருகிறது. 2 என்ற எண்ணோ, பிள்ளைகளைப் பிரித்து வைக்கும் தனிப்பள்ளியா, பொதுப்பள்ளியின் கதவைத் திறக்கும் முயற்சியா என்று சொல்வதில்லை.

ஒப்புநோக்க, மாற்றுத்திறன் குறித்த புள்ளிவிவரங்களுக்கான வாஷிங்டன் குழுவின் குறுவினாக்கள் உள்ளன. பார்த்தல், கேட்டல், நடத்தல், நினைவு, தற்பராமரிப்பு, கருத்துப் பரிமாற்றம் என ஆறே வினாக்கள். அவை மனநலச் சிக்கல்களைப் பெரிதும் தவறவிடுகின்றன என்பது நியாயமான குற்றச்சாட்டு. எனினும் அவை மனிதரை எண்ணுகின்றன, ஆவணத்தை அல்ல.

இந்நிலையில் உலக மாற்றுத்திறனாளிகள் உச்சிமாநாட்டையொட்டி வந்த 2025 ஏப்ரலின் அம்மான்-பெர்லின் பிரகடனம், நாட்டளவில் நடக்கும் திட்டங்களில் குறைந்தது 15 விழுக்காடு மாற்றுத்திறனாளிகளை உள்ளடக்குவதை ஒரு நோக்கமாகக் கொள்ள வேண்டும் என்கிறது; மேற்சொன்ன மதிப்பெண் முறையின் மொழியில், 1 அல்லது 2. மக்கள்தொகையில் அவர்கள் பங்கு 15 என்பதால் திட்டங்களிலும் 15. (உலக சுகாதார அமைப்பின் 2022 மதிப்பீடு 16 என்பது வேறு.) அரசியல் முழக்கமாக இது கூர்மையானது. முறையியலாக இதற்கு அடித்தளம் இல்லை: மீதி 85 விழுக்காட்டுத் திட்டங்களின் பள்ளிகளும் பேருந்துகளும் யாருக்கு?

பதிவேடாக இம்மதிப்பெண் முறை தேறுகிறது, இலக்கின் அளவுகோலாகத் தேறவில்லை. திட்டம் முடிந்தபின் மறுமதிப்பெண் இடுவதும், பயனாளிகளைக் குறுவினாக்களின்படி பிரித்துக் காட்டுவதும் கட்டாயமானால் இத்தீர்ப்பைத் திருத்தலாம்.