குறுகி நின்றவர் யார்?

கட்சி அறிக்கையை இலக்கியப் பிரதி போல வாசிக்கலாமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். நான் அப்படித்தான் வாசிக்கிறேன். 2022 மார்ச் 4ஆம் தேதி திமுக தலைவர் மு.க. ஸ்டாலின் வெளியிட்ட அறிக்கை அது. அன்று காலை தமிழகம் முழுக்க நகர்மன்றங்களில் மறைமுகத் தேர்தல். விடுதலைச் சிறுத்தைகளுக்கு என்று ஒதுக்கிய நெல்லிக்குப்பம் நகராட்சித் தலைவர் பதவியை திமுக கவுன்சிலரே போட்டி போட்டு எடுத்துக்கொண்டார். மற்றக் கூட்டணிக் கட்சிகளுக்கு விட்ட சில இடங்களிலும் இதே கதை. திருமாவளவன் முறையிட்டார். அறிக்கை வந்தது: வென்றவர்கள் உடனே விலக வேண்டும், குற்ற உணர்ச்சியால் குறுகி நிற்கிறேன் என்று.

நல்ல தமிழ்தான். ஆனால் இந்தப் பிரதிக்குள் யார் இருக்கிறார்கள்? தலைவர் இருக்கிறார், கட்டுப்பாட்டை மீறியவர்கள் இருக்கிறார்கள், தோழமைக் கட்சித் தலைவர்கள் இருக்கிறார்கள். சேரி இல்லை. சாதி என்ற பேச்சே இல்லை. ஒரு தலித் கட்சிக்கு ஓட்டுப்போட மறுத்த கை அங்கே வெறும் ஒழுங்கு மீறிய கையாக மாறிவிடுகிறது. வலித்தது யாருக்கு என்பது அழிந்து, வெட்கப்பட்டவர் மட்டும் பெரிதாக எழுந்து நிற்கிறார். சொன்னதும் சிலர் விலகினார்கள். நெல்லிக்குப்பத்தில் நாற்காலி காலியாகவில்லை.

'ஒதுக்கீடு' என்ற சொல்லையும் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும். இடம் ஒதுக்குவதும் ஆளை ஒதுக்குவதும் நம்ம பாஷையில ஒரே வினைதான். தோல் தொழில் நடக்கிற எங்க பக்கத்தில் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று இத்தனை மன்றங்கள் இருக்க, அந்தப் பங்கீட்டில் சிறுத்தைகளுக்கு வந்தது ராணிப்பேட்டை துணைத்தலைவர் பதவி. 'துணை'.

2011இல் வேலூர் மேயரை மக்கள் நேரடியாக ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். தலித் பெண்ணான கார்த்தியாயினி மேயர் ஆனார். அவர் நின்றது அதிமுகவில், பின்னாளில் சேர்ந்தது பாஜகவில்; அந்த அரசியலோடு எனக்கு ஒட்டில்லை. ஆனா அவருக்கு விழுந்த ஓட்டைத் தெருவில் நின்று எண்ண முடிந்தது. 2019 நவம்பரில் அதிமுக அரசு அவசரச் சட்டம் போட்டு அதை மறைமுகத் தேர்தலாக்கியது. 2021இல் வந்த திமுக அரசும் அப்படியே வைத்துக்கொண்டது. கதவைச் சாத்திய அறைக்குள் தலித் கட்சி வேட்பாளரின் தலையெழுத்தை மற்றவர் கை எழுதுகிறது. 1932 செப்டம்பர் 24இல் பூனாவில் அம்பேத்கரிடம் வாங்கிய கையெழுத்துக்கு ஒரு நகராட்சிப் பதிப்பு.

அற்பப் பதவி, இதற்கு இவ்வளவு கூச்சலா என்கிற நண்பர்கள் உண்டு. டேனரிக் கழிவு பாலாற்றைக் கெடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1996இல் தீர்ப்பானது. சாக்கடை எந்தத் தெருவோடு நிற்கும், குழாய்த் தண்ணி எந்தத் தெருவுக்கு எத்தனை நாளைக்கொருமுறை வரும், குப்பை வாருகிற எங்க ஜனம் நிரந்தரமா கான்டிராக்டா என்பதெல்லாம் பேச்சாகித் தீர்மானமாகிற இடம் நகர்மன்றம்.

ஆம்பூர்ப் பக்கத்து மலையில் நாயக்கனேரி ஊராட்சி. 2021 அக்டோபர் தேர்தலில் தலைவர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு என்றானது. இந்துமதி மனுப் போட்டார். ஊர் புறக்கணித்தது, அவர் போட்டியின்றி வென்றார். ஒதுக்கீட்டை எதிர்த்து வழக்கு. வென்றவர் பதவியேற்க முடியாமல் வெளியே நின்றார். அவருக்காகக் குறுகி நின்ற அறிக்கை எதையும் நான் படித்ததில்லை.

நம் எழுத்தின் மேலும் எனக்குக் குறை உண்டு. 1997 ஜூன் 30இல் மேலவளவு முருகேசன் வெட்டப்பட்டதற்கு நம்மிடம் கவிதை இருக்கிறது, கூட்டம் இருக்கிறது. ரத்தம் சிந்தாமல் கைதூக்கியும் சீட்டுப் போட்டும் நடக்கிற ஒதுக்கலுக்கு நம்மிடம் ஒரு சிறுகதைகூடத் தேடித்தான் பார்க்க வேண்டும். சேரியைத் தன்வரலாறாக எழுதினோம். மன்றக் கூடத்தை எழுதவில்லை. அங்கே பேசப்படுகிற நயமான பாஷை, டீ டம்ளர் வருகிற வரிசை, தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து வாங்குகிற அவசரம், எதுவும் வரவில்லை. மார்ச் 4 காலையில் அந்த அறைகளில் உட்கார்ந்திருந்த தலித் கவுன்சிலர் எவராவது எழுதினால் முதலில் படிக்க நான் இருக்கிறேன். பேர் போட வேண்டாம் என்றாலும் சரி.