நவீன நடனமும் தமிழ்க் கூத்து மரபும்

சென்னையில் 1998ஆம் ஆண்டில் அனிதா ரத்னமும் ரன்வீர் ஷாவும் ஒரு விழாவினைத் தொடங்கினர். 'தி அதர் ஃபெஸ்டிவல்' என்பது அதன் பெயர். டிசம்பர்த் திங்கள்தோறும் சில ஆண்டுகள் தொடர்ந்து நடைபெற்ற அவ்விழா, சபா மேடைகள் பெரிதும் இடந்தாராத நவீன நடனத்திற்கு அரங்கு அளித்தது. 'மற்றை விழா' என அதனைத் தமிழிற் கூறலாம். மற்றையது எனின், எதனின் வேறாயது என்னும் வினா எழும். சபாக்களிற் காணும் பரதநாட்டியத்தின் வேறாயது என்பது வெளிப்படை. தமிழர் கூத்து மரபினின்றும் வேறாயதோ என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது. வேறாயின், தமிழாய்வாளர்க்கு அதன்பாற் கடன் இல்லை. வேறன்று எனின், அதனைப் பிறர் ஆராயுமாறு விடுத்தல் பொருந்தாது.

நவீன நடனத்தின்மேற் கூறப்பெறும் முதற்குறை, அது பாட்டின் பொருளைக் கையாலும் கண்ணாலும் விளக்குவதில்லை என்பது. சிலப்பதிகார உரையாசிரியர் அடியார்க்கு நல்லார் சாந்திக்கூத்தினைச் சொக்கம், மெய்க்கூத்து, அவிநயக்கூத்து, நாடகம் என நான்காகப் பகுப்பர். இவற்றுள் பாட்டின் பொருள் தோன்ற ஆடுவது அவிநயக்கூத்து. கதை தழுவி வருவது நாடகம். சொக்கமோ நூற்றெட்டுக் கரணங்களையுடைய தூய ஆடல். எனவே, பாட்டின் பொருளை விளக்காத ஆடலுக்கும் நம்மவர் இடமும் பெயரும் வகுத்திருந்தனர் என்பது தெளிவு.

இதற்குத் தஞ்சைப் பெரியகோயில் சான்று பகரும். விமானத்தின் மேல்தளத்து உட்சுற்றில் சிவபெருமான் ஆடும் கரணங்கள் 81 செதுக்கப்பட்டுள்ளன. எஞ்சியவற்றுக்குரிய கற்கள் செதுக்கப்படாமலே உள்ளன. அக்கோயிலில் ஆடிய தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவர்க்கும் பங்கொன்றுக்கு 100 கலம் நெல் அளிக்கப்பட்டதை இராசராசனின் கல்வெட்டு உரைக்கின்றது. அலாரிப்பு முதல் தில்லானா ஈறாக இன்று நாம் தொன்மையெனக் கருதும் நிகழ்ச்சிமுறையோ, 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் தஞ்சை நால்வரால் ஒழுங்குபெற்றதாகும். தம் காலத்தில் அவர்கள் செய்ததும் புதுமையே. ஆதலின், புதியது என்னும் காரணம் ஒன்றே பற்றி ஓர் ஆடலை மரபுக்குப் புறம்பென விலக்குதல் இயலாது.

மேற்கூறிய விழாவுக்கு முன்னரே இத்துறையில் வழிவகுத்தவர் சந்திரலேகா (1928–2006). காஞ்சிபுரம் எல்லப்பபிள்ளையிடம் பரதம் பயின்ற அவர், 1985இல் 'அங்கிகா' என்னும் படைப்பில் யோகத்தையும் களரிப்பயிற்றையும் பரதத்தின் அடவுகளோடு ஒருங்கு நிறுத்தினார். மூன்றற்கும் மனிதவுடலே நிலைக்களன் என்பது அதன் கருத்து. 2001இல் அமைத்த 'சரீரா'வில் ஒரு பெண்ணும் ஓர் ஆணும் மட்டுமே ஆடுவர். குந்தேச்சா உடன்பிறந்தார் துருபத இசை பாடினர். கதை இல்லை, தலைவனை நோக்கிய இரங்கல் இல்லை, உடல் மிக மெல்ல இயங்குகின்றது. எனினும் அது வெறும் சொக்கம் அன்று. தொல்காப்பியர் கூறும் மெய்ப்பாடு எட்டனுள் பெருமிதம் அப்பெண்ணுடலில் ஐயமறத் தோன்றுகின்றது. ஆண் அருகிருப்பினும் அவன்பொருட்டன்றித் தன் ஆற்றலால் அவள் நிலைபெறுகின்றாள். சொக்கத்தின் கதையின்மையும் மெய்ப்பாட்டின் உணர்வும் ஒன்றுபடும் இவ்விடத்தையே நவீன நடனத்தின் உயர்நிலை எனக் கொள்ளலாம்.

இவ்வளவையால் நோக்கின் குறைகளும் புலனாகும். உடலின் வளைவும் தாவலும் திறமை காட்டும் அளவில் நின்று, உள்ளத்து நிகழ்வை மெய்யிற் புலப்படுத்தாத இடங்களில் ஆடல் உடற்பயிற்சியாகத் தாழும். மெய் உணர்த்தவேண்டிய பொருளை அச்சிட்ட ஆங்கிலக் குறிப்பு உணர்த்தக் காத்திருக்கும் ஆடலும் குறையுடையதே. அக்குறிப்பை நீக்கியபின் எஞ்சுவது யாது எனக் காண்பதே தக்க சோதனையாம். இச்சோதனையில் 'சரீரா' வெல்லும். புதுமை என்னும் பெயர் தாங்கிய அனைத்தும் வெல்லும் எனக் கூறல் இயலாது.

புகாரில் நிகழ்ந்த மாதவியின் அரங்கேற்றத்தைப் பாடிய இளங்கோவடிகள் அரங்கின் அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல் என அளந்து கூறினார்; ஆடலாசான், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமை ஆசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகியோரின் தகுதிகளையும் தனித்தனியே விரித்தார். அத்தகைய நுண்மை நம் காலத்து ஆடல்பற்றிய தமிழ் எழுத்தில் போதிய அளவு இல்லை. கல்லணைக் கால்வாயின் கடைமடையாகிய பேராவூரணியிற் பிறந்து தமிழ் பயிலும் மாணவர், நவீன நடனத்தைக் காணப் பெரும்பாலும் சென்னைக்கே செல்லவேண்டியுள்ளது. காண வாய்ப்பில்லாதார்க்கு எழுத்தே அரங்கு. ஆடப்பெற்ற இடம், ஒளி, இசை, ஆடியோர் நிலை, தோன்றிய மெய்ப்பாடு ஆகியவற்றை நிகழ்ச்சிதோறும் தமிழில் பதிந்து வைத்தால், அம்மாணவரும் இவ்வாராய்ச்சியிற் பங்கு பெறுவர். அப்பதிவுகள் பெருகிய பின்னரே எது மரபின் வளர்ச்சி, எது வெறும் புதுமை என்பதை நாம் துணிந்து கூறல் இயலும்.