யார் வீட்டுப் பிள்ளை?

எங்கள் ஊரில் தெருவுக்குள் புதுமுகம் ஒன்று நுழைந்தால், திண்ணையிலிருந்து முதலில் வருகிற கேள்வி "நீ யாரு வீட்டுப் புள்ள?" என்பதுதான். பெயரைக் கேட்பது அப்புறம். கேட்ட பெரியவர் வெற்றிலையைத் தொடையில் துடைத்துக்கொண்டே பதிலுக்குக் காத்திருப்பார். அப்பா பெயர், தாத்தா பெயர், தெருவின் பெயர் என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறும். சிலரை "உள்ள வா, தண்ணி குடி" என்பார். சிலரைத் திண்ணைக்குக் கீழேயே நிறுத்திவிடுவார். உறவு, சாதி, நிலபுலன், மானம் அத்தனையும் அந்த ஒற்றைக் கேள்விக்குள் அடக்கம்.

நாற்பது வருஷமாக நாவல் படித்துவருகிற எனக்கு, தமிழில் நல்ல நாவல் ஒவ்வொன்றும் அந்தத் திண்ணைக் கேள்விக்குச் சொல்லிப் பார்த்த பதில் என்றே படுகிறது. தான் யார் என்று தனியே உட்கார்ந்து யோசிக்கிற பாத்திரம் நம்மிடம் குறைவு. வீட்டோடு மல்லுக்கட்டித்தான் நம் பாத்திரங்கள் தங்களைத் தெரிந்துகொள்கின்றன. ஆகவே ஒரு நாவலை எடைபோட நான் கைக்கொள்ளும் படிக்கல் ஒன்றே ஒன்று. அந்தப் பாத்திரம் சொல்ல வந்த பதிலை எழுதியவர் முழுசாகச் சொல்லவிட்டாரா, பாதியில் வாயைப் பொத்தினாரா?

தொடக்க காலத்தவர்களுக்கு முழுசாக விட மனம் வரவில்லை. மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879-இல் அச்சேறியது. அதில் ஞானாம்பாள் ஆண்வேடம் பூண்டு ஒரு நாட்டையே ஆள்கிறாள், நன்றாகவும் ஆள்கிறாள். ஆனாலும் கதை அவளைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டுத்தான் ஓய்கிறது. 1893 முதல் ‘விவேக சிந்தாமணி’யில் வெளிவந்த ராஜமய்யரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ ஒரு படி மேலே போனது. ஊர்ப்பெண்கள் கூடிப் பேசும் இடத்துக்கு அவர் ‘வம்பர் மகாசபை’ என்று பெயர் வைத்தார். ஒரு நல்ல குடும்பத்தை ஊர்வாய் எப்படி அரித்துத் தின்னும் என்பதை அவ்வளவு கிட்டத்திலிருந்து அதற்கு முன் யாரும் எழுதியதில்லை. 26 வயதில் போய்விட்டார் மனிதர். அ. மாதவையா 1903-இல் ‘முத்துமீனாட்சி’யில் ஓர் இளம் விதவையைத் தன் கதையைத் தானே சொல்லவைத்தார். இன்று படிக்கையில் கொஞ்சம் பிரசங்க வாடை அடித்தாலும், அந்த ‘நான்’ புதுசு.

1930-களில் ‘மணிக்கொடி’ இதழ்க்காரர்கள் வந்தபோது திருத்துகிற ஆசை கழன்றது, பார்க்கிற ஆசை பிறந்தது. புதுமைப்பித்தனின் செல்லம்மாள் சென்னையில் ஒரு ஜவுளிக்கடைச் சிப்பந்தியின் பெண்டாட்டி. நோயில் கிடந்து சாகிறாள். அவ்வளவுதான் கதை. ஆனால் அந்தப் புருஷன் அவளுக்குச் செய்கிற பணிவிடையில் ஒரு தாம்பத்தியம் முழுவதும் இருக்கிறது. கு.ப.ரா.வோ வீட்டுக்குள் பெண் மனசு வாய்விட்டுச் சொல்லாததைச் சொல்லாமலே கேட்கவைத்தார்.

கு.ப.ரா.வின் இந்தக் காவிரிக்கரைப் பள்ளியின் உச்சம் தி. ஜானகிராமன் 1966-இல் தந்த ‘அம்மா வந்தாள்’. அப்புவை வேதபாடசாலைக்கு அனுப்பிய அம்மா அலங்காரத்தம்மாள், தன் பாவத்தை அவன் ஓதும் வேதத்தால் கழுவப் பார்க்கிறாள் என்பதை அவன் ஊருக்கு வந்தபிறகுதான் அறிகிறான். அப்பா தண்டபாணிக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் ஜாதகக் கட்டங்களுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டிருக்கிறார். அம்மாவைக் கடவுளாக்கியே பழகிய நமக்கு இது பெரிய அடி. நாவல் வந்தபோது பலருக்குக் கோபம். நான் வியப்பது வேறொன்றை. ஜானகிராமன் அலங்காரத்தைத் தண்டிக்கவும் இல்லை, அவளுக்காக வக்காலத்து வாங்கவும் இல்லை. கடைசியில் அவள் காசிக்குப் போகிறாள். அந்த முடிவை அவளே எடுக்கிறாள். யார் வீட்டுப் பிள்ளை என்ற கேள்வி அப்புவின் காலடியில் பிளந்துகொண்டு நிற்கிறது.

காவிரிக்கரைக்கு வெளியே, மண்ணும் பங்கும் பேசிய வேறொரு பள்ளி அதற்கு முன்பே கிளம்பியிருந்தது. 1942-இல் ஆர். ஷண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ வந்தது. மெல்லிய புத்தகம். கொங்கு நாட்டுக் கிராமம். புருஷனை இழந்த நாகம்மாள் கொழுந்தன் சின்னப்பன் வீட்டில் தன் குழந்தையோடு இருக்கிறாள். சோற்றுக்குக் குறையில்லை, துணிக்கும் குறையில்லை. சின்னப்பன் கெட்டவனும் இல்லை. ஆனால் அவளுக்கு வேண்டியது பாகம். செத்துப்போன புருஷனுக்குச் சேரவேண்டிய நிலம், தன் பெயரில், தன் கைக்கு. கெட்டியப்பன் போன்றவர்கள் தூண்டிவிடுகிறார்கள் என்பது உண்மைதான், ஆனாலும் அந்த ஆசையின் வேர் அவளுடையதே. குடும்பத்தில் அவள் அண்ணி, குழந்தைக்கு அம்மா, ஊருக்கு அறுதலி. நிலம் கிடைத்தால்தான் அவள் நாகம்மாள். இதை ஷண்முகசுந்தரம் எங்கேயும் விளக்கிச் சொல்லவில்லை. வயல் வரப்பு, ஏர், களத்துமேட்டுப் பேச்சு என்று போய், சின்னப்பன் அடிபட்டு விழுவதில் சட்டென்று நிறுத்திவிடுகிறார். ஆறுதலாக ஒரு வரி கிடையாது. பெண்ணுக்குச் சொத்தில் சமபங்கு என்பது சட்டமாக வருவதற்கு எத்தனையோ வருஷம் முன்னால், ஒரு குடியானவப் பெண்ணின் வாயில் அந்தக் கேள்வியை வைத்த புத்தகம் இது. இதற்குக் கிடைக்கவேண்டிய பெயர் இன்னும் கிடைக்கவில்லை என்ற ஆதங்கம் எனக்கு எப்போதும் உண்டு.

இந்த வழியில் ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ (1964) பனைவிளை வாசத்தோடு வந்தது. நீல. பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ (1968) இரணியல் செட்டிமார் பேச்சிலேயே நடந்தது. கட்டியவன் பழிசொல்லித் திருப்பி அனுப்பிவிட்ட அக்காவுக்காகத் தம்பி திரவி குலவழக்கத்தோடு மோதுகிறான். கரிசல் காட்டில் கி. ராஜநாராயணன் ‘கோபல்ல கிராமம்’ (1976) எழுதியபோது தனிமனிதன் போய் ஒரு குலமே பாத்திரமானது. தெலுங்கு தேசத்திலிருந்து தப்பிவந்து காடு திருத்திய கதையை நூறு வயசு தாண்டிய பூட்டி சொல்ல, பேரப்பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து கேட்கிறார்கள். யார் வீட்டுப் பிள்ளைகள் என்பதை அவர்கள் தெரிந்துகொள்வது அப்படித்தான்.

ஜெயகாந்தன் எந்தப் பள்ளியிலும் அடங்காதவர். 1966-இல் விகடனில் வந்த ‘அக்னிப் பிரவேசம்’ கதையில், மழைநாளில் முன்பின் தெரியாதவன் காரில் ஏறிக் கெட்டுவந்த மகளை அம்மா தலையில் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். நாடே கொதித்தது. எந்த அம்மா இப்படிச் சொல்வாள் என்று கேட்டவர்களுக்கு ஜெயகாந்தன் சொன்ன பதில்தான் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. அதில் அம்மா ஊரைக் கூட்டிவிடுகிறாள், அண்ணன் தங்கையை வீட்டைவிட்டுத் துரத்துகிறான். வளர்ந்து வேலைக்குப் போகும் கங்கா, தன் கதையைப் போலவே ஒரு கதையைப் பத்திரிகையில் படிக்கிறாள், அதை எழுதியவரையும் சந்திக்கிறாள். வாசகர் கோபம், எழுத்தாளர், பாத்திரம் மூன்றையும் ஒரே கூரைக்கடியில் உட்காரவைத்த நாவல் தமிழில் இன்னொன்றை நான் கண்டதில்லை. 1972-இல் சாகித்ய அகாதெமி பரிசும் வந்தது.

நாவலை எடைபோடும் அளவுகோல்களுக்காக விமர்சகர்களுக்குள் நடந்த சண்டையும் சாமானியமானதல்ல. 1959-இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கிய சி.சு. செல்லப்பாவும், பட்டியல் போட்டே தரத்தைச் சொன்ன க.நா.சு.வும் கலையாக நிற்கிறதா என்று கேட்டார்கள். யாழ்ப்பாணத்துக் கைலாசபதி 1968-இல் ‘தமிழ் நாவல் இலக்கியம்’ எழுதி, எந்த வர்க்கத்தின் வாழ்வு, எந்தக் காலத்தின் முரண் என்று கேட்டார். இரண்டு தரப்பும் ஒன்றையொன்று பொறுத்துக்கொள்ளவில்லை. ஆனால் நாகம்மாளை இரண்டு தராசிலும் வைத்துப் பாருங்கள், இரண்டிலும் நிறை குறையாது.

திண்ணைக்குக் கீழே நிறுத்தப்பட்டவர்கள் தங்கள் கதையை எழுதத் தொடங்கியபோது இந்தத் தராசுகளே ஆட்டம் கண்டன. கே. டானியல் 1972-இல் ‘பஞ்சமர்’ தந்தார். யாழ்ப்பாணத்தில் கோயிலும் தேநீர்க்கடையும் யாருக்குத் திறக்கும் என்பது அங்கே உயிர்ப் பிரச்சினை. பூமணியின் ‘பிறகு’ (1979) செருப்புத் தைக்கும் அழகிரியை நாயகனாக்கியது. சுதந்திரம் வந்த பிறகு அவர் வாழ்வில் என்ன மாறியது என்று குரலை உயர்த்தாமல் கேட்டது. 1992-இல் பாமாவின் ‘கருக்கு’ பேச்சுத் தமிழிலேயே எழுந்து நின்றது.

1994-இல் இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’. ஆரோக்கியம் தலித் காலனிக்குத் துணி வெளுக்கிறவள். பிறப்புக்கும் அவள் வேண்டும், சாவுக்கும் அவள் வேண்டும். பொழுது சாய்ந்தால் வாசல் வாசலாகப் போய் ராச்சோறு வாங்கவேண்டும். எந்தச் சேலை யார் வீட்டுச் சேலை என்பது அவளுக்குத் தெரியும், ஊரில் யாரும் அவளைப் போய் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்கத் தேவையில்லை. ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளேயும் படிக்கட்டு இருக்கிறதென்று காட்டியதற்காக இந்த நாவல் கடுமையாக விமர்சிக்கப்பட்டது. அந்த வாதத்தின் வலி எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஆரோக்கியத்தின் புலம்பலை எழுதியவர் எந்தக் கொள்கைக்காகவும் சுருக்கவில்லை என்பதால் நான் அவர் பக்கம்.

வீட்டுக்குள்ளேயே இருந்தவர்களின் பதில் அம்பையிடம் கேட்கிறது. ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ கதையில் ராஜஸ்தானத்துக் கூட்டுக்குடும்பத்தின் பெரிய வீட்டில், அடுப்படி மட்டும் இருட்டு மூலை. அதை ஒட்டிய வராந்தாவைப் பெரிதாக்கலாமே என்று மருமகள் கேட்கிறாள். சீக்கிரமே அங்கே துணி உலர்த்தக் கொடி கட்டப்படுகிறது. மலையைக் காட்டிக்கொண்டிருந்த ஜன்னலைத் துணிகள் மறைத்துவிடுகின்றன. எதிர்த்து ஒரு வார்த்தை யாரும் பேசவில்லை. சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ (2004) இன்னொரு வீட்டின் உள்கட்டைத் திறந்தது.

வீடே இல்லாமற்போனவர்களுக்கு? ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ (2001) அங்கே தொடங்குகிறது. அப்பனுக்கு ஊர் வைத்த பட்டப்பெயர் கொரில்லா. மகன் ரொக்கிராஜ் எங்கே போனாலும் அந்தப் பெயர் பின்னாலேயே வருகிறது. அதை உதறத்தான் இயக்கத்துக்குப் போகிறான், இயக்கம் ஒரு பெயர் கொடுக்கிறது, பிறகு அதுவும் போகிறது. பிரான்சில் அகதித் தஞ்சம் கேட்டு எழுதும் மேன்முறையீடு புத்தகத்தின் முகப்பிலேயே இருக்கிறது. ஊர், பெற்றோர், பட்ட அடி, இருந்த சிறை என்று ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, தன்னை நம்பும்படி கேட்டுக்கொண்டு, தெரியாத மொழிக்காரர் ஒருவரின் மேசைக்கு அனுப்பவேண்டிய கடிதம் அது.