நெருப்பும் இருட்டும் மேடை ஏறும்போது

ஐந்து பாக நாவலை ஒரே இரவில் நடித்துக் காட்டினார்கள் என்று கேள்விப்பட்டால், எதையெல்லாம் விட்டுவிட்டார்கள் என்றுதான் முதலில் கேட்கிறோம். நியாயமான கேள்விதான். ஆனால் வெட்டுவதைவிடக் கடினமான வேலை ஒன்று உண்டு. எழுத்தில் கதைசொல்லி ஒருவர் நம் கூடவே வருகிறார். இருட்டில் எதைப் பார்க்க வேண்டும், எதைப் பார்க்காமல் கடக்கலாம் என்று அவரே முடிவு செய்கிறார். மேடையில் அவர் இல்லை. அவர் செய்த வேலையை யாரிடம் ஒப்படைப்பது? கதையை மேடைக்குக் கொண்டுபோனவர்களின் திறமையை நான் இந்த ஒரு கேள்வியால்தான் அளக்கிறேன். கடலூர் மாவட்டத்தில் இதற்கு இரண்டு பெரிய சோதனை இடங்கள் இருக்கின்றன. ஒன்று சிதம்பரத்தில் நந்தன் இறங்கிய தீ. மற்றொன்று, கல்கி தம் 'பொன்னியின் செல்வன்' நாவலில் விளக்கை அணைத்த கடம்பூர் மாளிகை.

நந்தன் கதை நாவல் அல்ல. ஆனால் நீண்ட கதையொன்று பாட்டு நாடகமாக மாறிய வரலாற்றைத் தமிழில் இதைவிடத் தெளிவாகக் காட்டும் கதை எனக்குத் தெரியவில்லை. தில்லையில் ஆயிரங்கால் மண்டபத்தில் இருந்து சேக்கிழார் பெரியபுராணத்தைப் பாடினார் என்பது மரபு. அதில் திருநாளைப்போவார் என்ற பெயரில் நந்தனுக்குக் கிடைத்தவை 37 பாடல்கள். கொள்ளிடக் கரை ஆதனூர்ப் புலைப்பாடியைச் சேக்கிழார் காட்டும் விதம் இன்றும் வியக்க வைக்கிறது. கோழிகளும் நாய்க்குட்டிகளும் குழந்தைகளும் மரத்தில் தொங்கும் பறைகளுமாக ஒரு குடியிருப்பை நேரில் பார்த்தவர் போல விவரிக்கிறார். ஆனால் அவருடைய நந்தனுக்கு எதிராளி கிடையாது. அவனைத் தடுப்பவர் என்று ஒரு மனிதரும் கதைக்குள் வருவதில்லை. தன் பிறப்பை நினைத்து அவனே தில்லையின் எல்லையில் நின்றுவிடுகிறான். தயக்கம் முழுவதும் அவன் மனத்துக்குள் நடக்கிறது. அதைக் கதைசொல்லி நமக்குச் சொல்கிறார்.

இந்தத் தயக்கத்தை மேடையில் எப்படிக் காட்டுவது? கோபாலகிருஷ்ண பாரதியாரின் பதில் ஒரு வேதியர். நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்தில் பிறந்து ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்த பாரதியார், 1860களின் தொடக்கத்தில் அச்சான தம் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில், அந்த வேதியரை நந்தனின் பண்ணையாராகப் படைத்தார். நாற்பது வேலி நிலத்தையும் பயிரிட்டு முடித்துவிட்டுத் தில்லைக்குப் போ என்கிறார் அவர். வேலி ஒன்றுக்கு ஆறரை ஏக்கருக்கு மேல் என்று கணக்கிட்டால் அது ஏறக்குறைய 260 ஏக்கர். ஓர் ஆளால் ஆகிற காரியமா? ஒரே இரவில் சிவகணங்கள் அதைச் செய்து முடிக்கின்றன. சேரிப் பெரியவர்களும் நந்தனைக் கண்டிக்கிறார்கள். நம் தெய்வங்கள் போதாதா என்று கேட்கிறார்கள். புராணத்தில் ஒரே மனத்துக்குள் நடந்த போராட்டம் இப்படிப் பல குரல்களாகப் பிரிந்துவிட்டது. பாட்டு நாடகத்துக்கு வேண்டியது அதுதான்.

நந்தனின் கதையே தள்ளிப்போடுதலின் கதை. நாளைக்குப் போவேன் என்கிறான். நாளை வருகிறது, போக முடியவில்லை. உரைநடை இதை நான்கு முறை சொன்னால் சலித்துவிடும். கீர்த்தனைக்கோ திரும்பத் திரும்ப வருவது இயல்பு. அனுபல்லவி, சரணம் என்று எவ்வளவு தூரம் போனாலும் பாட்டு பல்லவிக்கு வந்தாக வேண்டும். சங்கதி போடப்போட அதே வரி வேறு ஏக்கமாகிறது. நிகழ்ச்சி அப்படியே நிற்க, உணர்ச்சி மட்டும் வளர்கிறது. பாரதியார் இந்தக் கதையைத் தேர்ந்தது தற்செயலாக இருக்க முடியாது என்று நினைக்கிறேன். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இலக்கணக் குறை கண்டு சிறப்புப் பாயிரம் தரத் தயங்கினார் என்றும், பிறகு பாரதியார் பாடக் கேட்டு உருகித் தந்தார் என்றும் உ.வே.சாமிநாதையர் பதிவு செய்திருக்கிறார். ஏட்டில் குறையாகப் பட்டது குரலில் குறையாகப் படவில்லை. பாட்டு நாடகத்தின் எழுத்தைப் படித்து மதிப்பிடுகிற எவரும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய நிகழ்ச்சி இது.

ஐரோப்பாவில் ஏறக்குறைய அதே காலத்தில் இதே வழியில் ஒரு நாவல் நடந்திருக்கிறது. இளைய டூமாவின் 'கமீலியாப் பூக்காரி' 1848இல் நாவலாக வந்து, 1852இல் நாடகமாகி, 1853இல் வெனிஸ் நகரில் வெர்டியின் இசையில் 'லா திராவியாத்தா' என்ற ஆப்பெராவானது. நாவலில் நாயகி இறந்த பிறகுதான் கதை தொடங்குகிறது. ஒரு கதைசொல்லி நமக்கு எல்லாவற்றையும் கேட்டுச் சொல்கிறார். காதலனின் தந்தை அவளைச் சந்தித்து விலகச் சொன்னதை, அவள் எழுதி வைத்த தாள்களிலிருந்து காலம் கடந்துதான் அறிகிறோம். வெர்டி அந்தச் சந்திப்பை இரண்டாம் அங்கத்தில் வைத்து, தந்தையையும் அவளையும் நேருக்கு நேர் பாட வைத்தார். கதைசொல்லி வெளியேறிய இடத்தில் தந்தை உட்கார்ந்துவிட்டார். ஆதனூர் வேதியரும் அப்படி வந்து உட்கார்ந்தவர்தான். இருவரும் ஒருவரையொருவர் அறியாமலே வெர்டியும் பாரதியாரும் ஒரே தீர்வுக்கு வந்திருக்கிறார்கள்.

பாரதியாரின் ஆக்கம் முதலில் ஒரே ஆள் எல்லாப் பாத்திரமுமாகிப் பாடும் கதாகாலட்சேபத்தில்தான் செழித்தது. தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் அதை ஊர் ஊராகக் கொண்டுபோனார். பிறகு நாடக மேடை, பிறகு திரை. 1935இல் கே.பி.சுந்தராம்பாள் நந்தனாக நடித்தார். வேதியர் மகாராஜபுரம் விஸ்வநாதய்யர். 1942இல் ஜெமினி எடுத்த படத்தில் எம்.எம்.தண்டபாணி தேசிகர் நந்தனானார். வேதியர் இல்லாத நந்தன் கதையை நினைத்துப் பார்க்கவே முடியாத அளவுக்கு மேடை புராணத்தை வென்றுவிட்டது.

அந்த வெற்றிக்கு ஒரு விலையும் இருந்தது. பண்ணையடிமையின் நிலை மேடையில் வெட்டவெளிச்சமானது. இது பாரதியாரின் துணிவு. ஆனால் நிலத்தைப் பயிரிட்டதும் வழியைத் திறந்ததும் அற்புதம். கடைசியில் தீ. புராணத்தில் நந்தன் தீயில் இறங்கி முப்புரி நூலோடு எழுகிறான். கதைசொல்லி நம் கையைப் பிடித்துக்கொண்டு அந்த இடத்தைக் கடத்திவிடுகிறார். மேடையில் கையைப் பிடிக்க ஆளில்லை. ஓர் உடல் தீயை நோக்கி நடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இந்திரா பார்த்தசாரதி 1978இல் எழுதிய 'நந்தன் கதை' நாடகம் இங்கேதான் திரும்புகிறது. அற்புதத்தை அவர் எடுத்துவிட்டார். தீயை மட்டும் விட்டுவைத்தார். மேல்சாதியாரின் சூழ்ச்சி அவனைத் தீக்குள் அனுப்புகிறது. எழுந்து வருபவர் யாரும் இல்லை. கீழ்வெண்மணிப் படுகொலையைக் 'குருதிப்புனல்' நாவலாக எழுதிய கை அது. சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தா 1916இல் நந்தனார் பெயரில் பள்ளி தொடங்கி, ஒடுக்கப்பட்ட பிள்ளைகளைப் படிக்க வைத்தார் என்பதையும் சேர்த்து நினைத்தால், அந்தப் பெயர் இந்த ஊரில் வெறும் பக்திக் கதையாக என்றும் இருந்ததில்லை என்பது விளங்கும். பாரதியாரின் இசையை நேசிக்கிற நான், முடிவில் இந்திரா பார்த்தசாரதியின் பக்கம் நிற்கிறேன். தீயைக் காட்டினால் அது சுடும் என்பதையும் காட்ட வேண்டும்.

அச்சு நாவல் மேடைக்கு வந்தது தனிக் கதை. எம்.கந்தசாமி முதலியார் ஜே.ஆர்.ரங்கராஜுவின் 'ராஜாம்பாள்' போன்ற துப்பறியும் நாவல்களையும், வடுவூர் துரைசாமி ஐயங்காரின் 'மேனகா'வையும் நாடகமாக்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் மேடையில் நடித்த 'மேனகா' 1935இல் படமாகவும் வந்தது. விடிய விடியப் பாடிய பாய்ஸ் நாடகக் கம்பெனிகளுக்கு உரைநடை வசனத்தையும் சமகாலக் குடும்பத்தையும் கொடுத்தவை இந்த நாவல்கள்தாம். கலையாக அவற்றில் நின்றவை குறைவு.

டி.கே.எஸ். சகோதரர்கள் மேடையேற்றிய கல்கியின் 'கள்வனின் காதலி' அப்படிப்பட்டதல்ல. கொள்ளிடத்துப் படுகையில் ஒளிந்து திரியும் முத்தையன், நடுவில் நாடகக் கம்பெனியில் சேர்ந்து 'சங்கீத சதார'த்தில் திருடனாகவே நடிக்கிறான். கடைசியில், பெண் வேடத்தில் வந்த அவன் நண்பன் கமலபதியைப் பார்த்து, வேறொருத்தி என்று எண்ணி முத்தையனின் காதலி கல்யாணி மனம் உடைகிறாள். அந்த எண்ணம்தான் முத்தையனைக் காட்டிக்கொடுக்கிறது. ஆண்கள் பெண் வேடம் கட்டுவதைப் பார்த்துப் பழகிய ரசிகர்கள் முன்னால் இந்தக் காட்சி எப்படி இருந்திருக்கும்! வழக்கமாக வேடத்தை மறந்து பெண்ணைப் பார்க்கும் அவர்கள், இங்கே வேடத்தையும் பெண்ணையும் ஒருசேரப் பார்த்தாக வேண்டும். கதைசொல்லியின் வேலையை ரசிகரின் கண்ணிடமே ஒப்படைக்கும் காட்சி இது. கல்கி நாடகம் பார்த்துப் பார்த்து எழுதியவர் என்பது இதில் தெரிகிறது.

அதே கல்கியின் 'பொன்னியின் செல்வன்' காட்டுமன்னார்கோயில் பக்கம், வீரநாராயண ஏரிக்கரையில், ஆடிப்பெருக்கன்று தொடங்குகிறது. அங்கே நாம் முதலில் சந்திப்பவர் நாயகன் வந்தியத்தேவன் அல்லர். நம்மைக் காலத்தில் பின்னோக்கி அழைத்துப்போகும் கல்கியேதான். 1999இல் மேஜிக் லான்டர்ன் குழு, இ.குமரவேலின் நாடக வடிவத்தில், பிரவீண் இயக்கத்தில், சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. திறந்தவெளியில் அதை நிகழ்த்தியது. பின்னர் மணிரத்னம் படத்தின் திரைக்கதையிலும் குமரவேலின் கை இருந்தது. அவ்வளவு பெரிய கதையை ஒரே இரவுக்குள் கொண்டுவந்ததே பெரிய காரியம். ஆனால் என் கேள்வி கடம்பூரைப் பற்றியது. நாவலில் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் சாகும் அறையில் விளக்கு அணைகிறது. கத்தி யாருடையது என்பது அடுத்தடுத்த அத்தியாயங்களில் ஒருவர் தலையிலிருந்து இன்னொருவர் தலைக்கு மாறிக்கொண்டே போகிறது. கல்கி இதைத் தப்பித்துக்கொள்வதற்காகச் செய்யவில்லை. காட்டுமன்னார்கோயில் உடையார்குடி அனந்தீசுவரம் கோயிலில் ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் உடைமைகளை விற்றது பற்றி அது பேசுகிறது. ரவிதாசன் முதலானோரைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. ஏன் கொன்றார்கள் என்று சொல்வதில்லை. கல் மௌனமாக நின்ற இடத்தில் நாவலாசிரியர் விளக்கை அணைத்தார்.

மேடையிலும் விளக்கை அணைக்கலாம். ஆனால் அந்த இருட்டில் நடிகர்கள் எங்கே நின்றார்கள் என்பது ரசிகருக்குத் தெரிந்திருக்கும். யார் எவ்வளவு அருகில் என்று மனம் கணக்குப் போடும். நாவலின் ஐயம் மேடையில் துப்பறியும் புதிராகச் சுருங்கிவிடும் அபாயம் இது. இசையிடம் அந்த இருட்டைக் கொடுத்தால் என்ன? சொற்கள் இல்லாத ஒரு தவிலோசை, யார் என்று சொல்லாமல் நடந்தது என்ன என்பதை மட்டும் சொல்லிவிடும். தென்னாற்காட்டுக் கூத்தில் கட்டியங்காரன் கதைக்கு உள்ளும் வெளியும் போய்வந்து ரசிகரிடம் நேராகப் பேசுவான். கல்கியின் குரலுக்கு அவனைவிடப் பொருத்தமான வாரிசு வேறு யாரும் எனக்குத் தோன்றவில்லை.

கடலூர் தந்த இரண்டு பெரிய உரைநடைக்காரர்களில் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த புதுமைப்பித்தனை விட்டுவிடுகிறேன். அவர் சிறுகதைகளின் மேடை வாழ்வு தனிக் கட்டுரைக்கு உரியது. மஞ்சக்குப்பத்தில் 1934இல் பிறந்த ஜெயகாந்தனோ மேடையையே கதைக்குள் வைத்து ஒரு நாவல் எழுதினார். 'ஒரு நடிகை நாடகம் பார்க்கிறாள்' கதையின் கல்யாணி நாடக நடிகை. ரங்கா நாடக விமர்சனம் எழுதுபவர். 1978இல் அது படமானது. கல்யாணி அதிகம் பேசுவதில்லை. அவள் பொறுமையை ஜெயகாந்தன்தான் நமக்குச் சொல்லிக்கொண்டே போகிறார். இதைப் பாட்டு நாடகமாக்குபவர் ரங்காவை வசனத்தில் வைத்து, கல்யாணியை மட்டும் பாட வைக்கலாம். வாதம் அவருக்கு, ராகம் அவளுக்கு. அவள் கால் முடங்கிப் படுக்கையில் கிடக்கும் காட்சியில் பல்லவி எத்தனை முறை திரும்ப வேண்டும் என்பதை இசையமைப்பாளர் தீர்மானிக்கட்டும். கதைசொல்லியின் வரிகளில் ஒன்றைக்கூட அவள் வாயில் வைக்கத் தேவையிருக்காது.