பெங்களூரில் கன்டெய்னர், கொழும்பில் கம்பைலர்

பொம்மிடி பக்கத்திலிருந்து பொறியியல் முடித்துப் பெங்களூருக்கோ சென்னைக்கோ போகும் பிள்ளைகள் ஜாவா வேலையில் சேர்ந்தால், பெரும்பாலும் முதலில் கைக்கு வருவது ஸ்பிரிங் ஃபிரேம்வொர்க். அதன் அடிப்படை டிபென்டென்சி இன்ஜெக்ஷன். ஒரு கிளாஸ் தனக்கு வேண்டிய பொருளைத் தானே உண்டாக்கிக்கொள்ளாமல் வெளியிலிருந்து வாங்கிக்கொள்வதுதான் அது. மார்ட்டின் ஃபௌலர் 2004-இல் எழுதிய கட்டுரையால் இந்தப் பெயர் நிலைத்தது, ஸ்பிரிங் 1.0 வந்ததும் அதே ஆண்டு.

பொருளை உண்டாக்கிக் கொடுக்கும் பொறுப்பை ஸ்பிரிங்கின் கன்டெய்னரிடம் விட்டுவிடுவது நம் ஊர் வழக்கம். கன்டெய்னரும் டைப்பைப் பார்த்துத்தான் பொருத்துகிறது. ஆனால் சர்வர் எழும்போதுதான் பார்க்கிறது. ஒரே இன்டர்ஃபேஸுக்கு இரண்டு கிளாஸ் இருந்தாலும் கம்பைல் சத்தமில்லாமல் முடிந்துவிடும். ஓடவிட்டால்தான் எதை எடுப்பதென்று தெரியாமல் நிற்கும். அதைத் தீர்க்கக் குவாலிஃபயர் என்ற குறிப்பில் ஒரு பெயர் கொடுக்கிறோம். அது வெறும் ஸ்ட்ரிங். ஓர் எழுத்து பிசகினாலும் கம்பைலர் கண்டுகொள்ளாது.

பெங்களூர் ஐ.ஐ.ஐ.டி.யில் 2018-இல் தொடங்கிய மோசிப்பைப் பாருங்கள். நாடுகள் தங்கள் குடிமக்களுக்கான டிஜிட்டல் அடையாள முறையை அமைத்துக்கொள்ள உதவும் திறமூல மென்பொருள் அது. ஸ்பிரிங் பூட்டில் எழுதியது. கைரேகையை ஒப்பிடும் மென்பொருள் நாட்டுக்கு நாடு வேறு நிறுவனத்துடையதாக இருக்கும். அதனால் எந்தக் கிளாஸை ஏற்றுவது என்பதை அதன் முழுப் பெயரோடு பிராப்பர்டீஸ் கோப்பில் எழுதுகிறார்கள். நிறுவனம் மாறினால் மூல நிரலைத் தொட வேண்டாம். ஆனால் அந்த வரி சரியா தப்பா என்று கம்பைலருக்குத் தெரியாது.

கொழும்பில், 2005-இல் தொடங்கிய டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனத்தில் பிறந்த பாலரினா என்ற நிரல்மொழி வேறு தடம். 2019-இல் அதன் 1.0 பதிப்பு வந்தது. அங்கே தனிக் கன்டெய்னர் தேவைப்படுவதில்லை. வேண்டிய கிளையன்ட்டை இனிட் மெத்தடுக்குக் கொடுத்தால் போதும். அதன் மெத்தடுகள் பொருந்துகின்றனவா என்று கம்பைலரே பார்த்துவிடும். அமைப்பு மதிப்புகளுக்கும் டைப் உண்டு. 'கான்ஃபிகரபிள் இன்ட் போர்ட் = ?' என்று எழுதினால் அந்தக் கேள்விக்குறிக்குப் பொருள், மதிப்பு கட்டாயம் என்பது. கோப்பில் எண் இருக்க வேண்டிய இடத்தில் சொல் இருந்தால், முதல் ரிக்வெஸ்ட் வருவதற்கு முன்பே நிரல் நின்றுவிடும். இது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு.

இதை வைத்து இலங்கை முழுக்க இப்படித்தான் என்று சொல்ல முடியாது. டபிள்யூ.எஸ்.ஓ.2-வின் பழைய சர்வர்கள் ஜாவாவில், ஓ.எஸ்.ஜி.ஐ. என்ற மாட்யூல் அமைப்பின் மேல் எழுந்தவை. இந்திய அரசின் மானியத்தோடு நடக்கும் இலங்கையின் தனித்துவ டிஜிட்டல் அடையாளத் திட்டமும் மோசிப்பையே அடிப்படையாகக் கொண்டது.

ஆகவே, மோசிப்பில்போல வெளியார் மென்பொருளைச் செருகும் அந்த ஒரு வாசலில் ஸ்ட்ரிங் இருக்கட்டும். அங்கேயும் சர்வர் எழும்போதே கிளாஸை ஏற்றிச் சரிபார்த்துவிட வேண்டும். கைரேகை வைக்க ஒருவர் வந்து நிற்கும்போது பிழை தெரியவரக் கூடாது. உள்ளே மற்ற இடங்களில் ஃபீல்டு மேல் ஆட்டோவயர்ட் என்ற குறிப்பைப் போட்டு ஸ்பிரிங்கையே நிரப்பவிடும் பழக்கத்தை விட்டு, எல்லாவற்றையும் கன்ஸ்ட்ரக்டர் வழியே வாங்குவது நல்லது. அப்போது டெஸ்ட் எழுதுகையில் ஒன்றைக் கொடுக்க மறந்தால், ஸ்பிரிங்கிலும் கம்பைலரே பிடித்துவிடும்.