கப்பல் பட்டியலில் ஒரு வரி

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து தமிழ்நாட்டுக்கு வருகிறவர்கள் சிலரின் கைப்பையில் நாலாக மடித்த நகல் தாள் ஒன்று இருக்கும். பாட்டனுக்குப் பாட்டன் கப்பலேறியபோது எழுதிய ஒற்றை வரி அது. அதை வைத்துக்கொண்டுதான் பூர்வீக ஊரைத் தேடுகிறார்கள். அந்த வரியை எவ்வளவு நம்பலாம்?

1860 அக்டோபரில் சென்னையிலிருந்து கிளம்பிய ட்ரூரோ என்ற கப்பல், நவம்பர் 16 அன்று 342 பேரோடு, டர்பன் இருக்கும் நேட்டால் கரையைத் தொட்டது. 1911 வரை இப்படி 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர்கள். கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண். எண்ணுக்கு எதிரே பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, உயரம், ஜில்லா, தாலுகா, ஊர், உடம்பில் உள்ள அடையாளம். இடது முழங்காலில் தழும்பு, நெற்றியில் பச்சை என்று கடைசிக் கட்டம் வரை படிக்கும்போது, முகம் தெரியாத ஒரு மனிதர் எதிரே வந்து நிற்கிறார்.

இதன் அருமையை உணர, கப்பலேறாமல் ஊரிலேயே தங்கிவிட்ட அவருடைய அண்ணனை நினைத்துப் பார்க்க வேண்டும். அவருக்கு இப்படி ஒரு வரி கிடையாது. சென்னை மாகாணத்துக்கான பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வந்ததே 1899-ல். நிலப் பதிவேடுகளோ பட்டா உள்ளவர் பெயரைத்தான் எழுதின. பண்ணையில் உழைத்தவர் அவற்றில் இல்லை. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் எத்தனை நாள் உட்கார்ந்தாலும், நிலமற்ற ஒருவரின் தகப்பன் பெயரைக் கண்டுபிடிப்பது அரிது. கடல் கடந்த ஏழைக்கு இருக்கும் எழுத்துச் சான்று ஊரில் இருந்த ஏழைக்கு இல்லை.

ஆனால் இந்தப் பட்டியல் வம்சாவளிக்காக எழுதப்பட்டதல்ல. தோட்டத்தை விட்டு ஓடினால் ஆளைப் பிடிக்க வேண்டும், கூலிக் கணக்கு சரியாக இருக்க வேண்டும், அதற்காக எழுதியது. அதனால்தான் தழும்புக்குக் கட்டம் இருக்கிறது, தாயின் பெயருக்கு இல்லை.

பிழையும் இங்கிருந்தே தொடங்குகிறது. சொன்னவர் தமிழில் சொன்னார், எழுத்தர் தன் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதினார். முனுசாமி ஓரிடத்தில் மூன்சாமி, இன்னோரிடத்தில் முன்சாமி. ழகரம் வந்தால் கேட்கவே வேண்டாம். பின்னாளில் தகப்பன் பெயரே பல வீடுகளில் குடும்பப் பெயராக உறைந்துபோனது. ஆகவே நேட்டாலில் ஒரே குடும்பப் பெயர் உள்ளவர்களெல்லாம் பங்காளிகள் அல்ல. கவுண்டர் 'கோவெண்டர்' ஆனது. அந்தப் பெயரைப் பார்த்ததும் கொங்கு நாட்டுக்குப் புறப்பட்டுவிடக் கூடாது. வட ஆர்க்காட்டில் வன்னியர்களுக்கும் கவுண்டர் பட்டம் உண்டு. பெயர் ஒற்றுமையை மட்டும் வைத்து ஒருவர் வரையும் குடும்ப மரத்தை இன்னொருவர் அப்படியே படியெடுக்கிறார். இன்று இந்தத் தேடலைக் கெடுக்கும் பெரிய குறை இதுதான் என்பேன்.

ஊர்ப் பெயரும் எளிதில் பிடிபடாது. 'புதூர், வட ஆர்க்காடு' என்று இருந்தால் எந்தப் புதூர்? தாலுகாவுக்குப் பல புதூர்கள். அன்றைய வட ஆர்க்காட்டின் தலைநகரம் சித்தூர். 1911-ல் சித்தூர் தனி ஜில்லாவாகி இன்று ஆந்திரத்தில் இருக்கிறது. மிச்சப் பகுதி வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களாகப் பிரிந்து கிடக்கிறது. சித்தூர் என்று எழுதியிருப்பதாலேயே முன்னோர் தெலுங்கர் என்று முடிவு கட்டுவது அவசரம்.

சாதிக் கட்டத்தை நான் கடைசியாகத்தான் நம்புவேன். ஒடுக்குமுறைக்குத் தப்பிக் கப்பலேறிய ஒருவர் அதே சாதியை அங்கேயும் சொல்லியிருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மாற்றிச் சொன்னவர்கள் உண்டு. அதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வயதும் பார்வைக்குத் தோன்றிய கணக்குதான். பெண்கள் பாடு இன்னும் மோசம். முறைப்படி தாலி கட்டி வாழ்ந்தும் பதிவு இல்லாததால், பல பெண்கள் அரசாங்கத் தாளில் மனைவியாகவே இல்லை. கிறித்தவ முறைப்படி நடக்காத மணம் செல்லாது என்ற 1913-ஆம் ஆண்டுத் தீர்ப்பு தில்லையாடி வள்ளியம்மை சிறை சென்ற சத்தியாகிரகப் போராட்டத்தில் பெண்களை இறக்கியது இந்தக் காயத்தினால்தான்.

அப்படியானால் எதைப் பிடித்துக்கொள்வது? எண்ணை. திருமணப் பதிவிலும் பிள்ளையின் பிறப்புப் பதிவிலும் அந்த எண் கூடவே வரும் இடங்களில், பெயர் எத்தனை விதமாகச் சிதைந்திருந்தாலும் ஆள் ஒருவரே என்று உறுதி சொல்லலாம். பட்டியல் வீட்டுக் கதைகளையும் சோதித்துக் காட்டும். 1866-லிருந்து 1874 வரை நேட்டாலுக்கு ஆள் அனுப்புவது நின்றிருந்தது. "தாத்தா 1870-ல் ஒப்பந்தத்தில் வந்தார்" என்று ஒரு குடும்பம் சொன்னால், ஆண்டு பிசகியிருக்க வேண்டும், அல்லது வந்த வழி வேறாக இருக்க வேண்டும்.

தாளுக்கு வெளியே இருக்கும் சான்றுகளையும் தள்ளக் கூடாது. டர்பன் பக்கத்தில் இன்றும் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்கள், திரௌபதி அம்மனுக்குத் தீ மிதிக்கிறார்கள். ஆர்க்காட்டுச் சீமைகளில் வேரோடிய வழிபாடு அது. ஊரைச் சொல்லாவிட்டாலும் திசையைச் சொல்லும்.

வேலூர், திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்து வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். தமிழ் பேசத் தெரியாத யாராவது அப்படியொரு தாளோடு உங்கள் ஊருக்கு வந்தால், அதை வாங்கி ஊர்ப் பெயரை வாய்விட்டுப் படியுங்கள். பக்கத்தில் இருக்கும் பெரியவர்களையும் கேட்கச் சொல்லுங்கள். காதால் கேட்டு எழுதிய பெயர் அது; அந்த மண்ணின் காதுக்குத்தான் பிடிபடும்.